பேயெள் எண்ணெயும் அப்பாவின் பத்தியமும்

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது டீக்கடையில் ஒரே கிண்டலாம். கோமுகி அணைத் தண்ணீரில் வருஷம் தவறாமல் கரும்பு போடுகிறவருக்குச் சர்க்கரை வராமல் வேறென்ன வரும் என்று கேட்டிருக்கிறார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். ஆனால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை ஒருவேளைகூட விடாமல் போட்டுக்கொண்டார். ஒன்றை ஏற்றுக்கொண்டால் அதில் இம்மியும் பிசகமாட்டார். பிள்ளைகளான எங்களுக்கு அதில் பெருமைதான். அந்தக் குணமே அவரைக் கவிழ்க்கும் என்று யார் கண்டது?

நான் அப்போது திருக்கோவிலூரில் வேதியியல் ஆசிரியை. கல்யாணமாகி அங்கேயே குடித்தனம். கச்சிராயபாளையத்துக்கு விடுமுறைக்கு வருவதோடு சரி.

கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோவார். சந்தைக்கு முதல்நாளே இறங்கி, சாமை மூட்டையையும் கடுக்காயையும் எங்கள் கொட்டகையில் போட்டுவிட்டு அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அப்பாவைவிட இளையவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவர் மனைவிக்கும் சர்க்கரை என்று தெரிந்த பிறகு பேச்சு இன்னும் வளர்ந்தது. ஒரே நோய் இருக்கும் இரண்டு வீடுகளுக்கு நடுவே சம்பந்தி உறவு மாதிரி ஒன்று வந்துவிடுகிறது.

அவர்தான் ஒருநாள் ஒரு பாட்டிலில் பேயெள் எண்ணெய் கொண்டுவந்தார். பேயெள்ளை மலையில் சாமை, கேழ்வரகோடு விதைப்பார்கள். மஞ்சளாகப் பூக்கும், விதை கறுத்து ஒல்லியாக இருக்கும். தங்கள் வீட்டில் இதை ஊற்றித்தான் குழம்பு, உடம்புக்கு நல்லது, அண்ணாவும் சாப்பிடட்டும் என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

அதில் விஷயம் இருக்கிறதா என்று அப்பா என்னைக் கேட்டார். எண்ணெய் ஏன் காறிப்போகிறது என்று மட்டும் எனக்குத் தெரியும், அதைச் சொன்னேன். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைக் கெடுக்கிறது, விதைக்குள்ளேயே அதைத் தடுக்கிற பொருள்களும் கொஞ்சம் உண்டு என்றேன். சர்க்கரை ஏறிய உடம்பிலும் அதே வகைச் சேதம் நடக்கிறது என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். அந்தத் தடுப்புப் பொருள்களை இன்று ஆன்டி ஆக்சிடன்ட் என்கிறார்கள். எள், கருஞ்சீரகம், பேயெள் என்று ஒவ்வொரு விதை எண்ணெயும் சர்க்கரை நோயாளிக்கு உதவுமா என்று ஆராய்கிறார்கள். உதவலாம், யார் வேண்டாம் என்றது? மாத்திரையின் வேலையை அது செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. அதைப்பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மிளகு போட்டு அம்மா வைத்த பத்தியக் குழம்பின் வாசனைதான் வருகிறது.

ஆமாம், பத்தியம். நல்லது என்று சொல்லி ஒருவர் கையில் கொடுத்தால் எங்கள் வீடுகளில் அது மருந்தாகிவிடும். மருந்தென்றால் பத்தியம் உண்டு. ஒரு மண்டலம் புளி கிடையாது, கத்தரிக்காய் கிடையாது, கருவாடு கிடையாது. முக்கியமாக, நாட்டு மருந்து சாப்பிடும்போது இங்கிலீஷ் மருந்து கூடாது, இரண்டும் சேர்ந்தால் மருந்து முறிந்துவிடும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா மாத்திரையை நிறுத்தியதும் அப்படித்தான். அம்மாவிடம்கூடத் தனியாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் கேட்கத் தோன்றவில்லை. தினமும் அந்த எண்ணெயில் தாளித்துப் பக்தியோடு பரிமாறியிருக்கிறாள்.

எங்கள் ஜனங்கள் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலைகளை மறித்தது அந்தச் சமயத்தில்தான். நான் காலாண்டு விடுமுறைக்கு வந்திருந்தேன், திரும்பிப்போக பஸ் இல்லை. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். முதல்நாள் மறியலில் அப்பாவும் போய் உட்கார்ந்தார். பேத்திக்கு நாளைக்குக் காலேஜில் சீட்டு கிடைக்க வேண்டாமா என்று கேட்டார். திரும்பும்போது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்ததைப் பார்த்து என்ன என்றேன். கரும்புக் கட்டை குத்தியிருக்கும், வலியே இல்லை என்றார்.

சர்க்கரை உள்ளவர் காலில் வலி தெரியவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும். காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். பெருவிரல் கறுத்து, நாற்றம் எடுத்திருந்தது. மாத்திரை போடுகிறீர்களா இல்லையா என்று சத்தம் போட்டேன். பதில் அடுப்படியிலிருந்து வந்தது.

"அதான் பத்தியத்துல கீறாரே. மாத்திர போட்டா மருந்து முறிஞ்சிடாதா?"

அம்மா அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்று தெரியாத கோபம். அவள்மேல் கோபப்பட முடியாது, அப்பாமேல் கோபப்பட நேரமில்லை.

மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அப்பாவைப் படுக்கவைத்துக் கிளம்பினோம். ஊரைத் தாண்டியதுமே முதல் மரம். மறியலில் இருந்தவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்தான், அவரோடு உட்கார்ந்து கோஷம் போட்டவர்கள். காலைப் பார்த்ததும் மறியலை விட்டு எழுந்தார்கள். கயிற்றுக் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, அப்பாவை அதில் கிடத்தி, விழுந்த மரத்தின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறக்கினார்கள். அங்கிருந்து இன்னொரு வண்டி, பிறகு இன்னொரு மரம். எப்போதும் டவுன் பஸ்ஸில் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வரும் கள்ளக்குறிச்சிக்கு வந்துசேரப் பொழுது சாய்ந்துவிட்டது. அப்பா வழியெல்லாம், நான் பாரமா இருக்கேனா என்று தூக்கினவர்களைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். சாலை திறந்த பிறகுதான் போக முடிந்தது. அதற்குள் கறுப்பு மேலே ஏறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மலைக்காரருக்குச் சேதி போயிற்று. அதன்பிறகு அவர் வரவில்லை. சந்தைக்கு வந்தாலும் எங்கள் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போனார். ஊரில் சிலர் அவர் கொடுத்த எண்ணெயால்தான் கால் போயிற்று என்று பேசினார்கள். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார், வரவில்லை. மறுபடி அனுப்பினார்.

நான் அரையாண்டு விடுமுறையில் இருந்தபோது வந்தவர், வாசல்படிக்கு இந்தப்பக்கம் கால் வைக்கவில்லை. அப்பா முதலில் அவர் மனைவியின் உடம்பைத்தான் விசாரித்தார். நன்றாக இருக்கிறாளாம். மாதாமாதம் மலையிறங்கி ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறாளாம்.

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். எண்ணெய் சாப்பிடும்போதுமா மாத்திரை என்று கேட்டாள்.

"எண்ணெ கொழம்புக்குங்க. மாத்திர நோவுக்கு. ரெண்டும்தான் சாப்டுக்கினு கீறா. மாத்திரைய வுடுன்னு நான் சொல்லவே இல்லியேண்ணா."

"நீ சொல்லல" என்றார் அப்பா. "நானும் ஒன்ன கேக்கல."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும் என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்துபோனது.

அடுத்த தடவை வரும்போது எண்ணெய் கொண்டுவரச் சொன்னார் அப்பா. அவர் மாட்டேன் என்றார். ஊர்வாயை மூட வேண்டும், கொண்டுவா என்று அப்பா விடவில்லை.

தைப் பொங்கல் கழிந்து வந்தார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். பாட்டிலைத் துணிப்பையிலிருந்து எடுத்தவர் அதை யாரிடமும் கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"மொதல்ல மாத்திரைய போடுங்கண்ணா" என்றார்.

அப்பா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு வாயை அகலமாகத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். மலைக்காரர் குனிந்து உள்ளே நன்றாகப் பார்த்தார். அதற்கப்புறம்தான் பாட்டிலை அம்மாவிடம் நீட்டினார். பாட்டிலை வாங்கிய அம்மா, அன்றைக்குப் புளி கரைத்துக் குழம்பு வைத்தாள்.