காதால் தேடிய சாப்பாடு

முதன்முறையாகப் பெங்களூர் வந்து சிவாஜிநகரில் இறங்கியபோது எனக்கு ஒரு வேலை பாதி கிடைத்திருந்தது. வெங்காய மண்டி மேஸ்திரி, பெங்களூர் ஸ்ரீராம்புரத்துத் தமிழர், மதியம் வந்து மூட்டை தூக்கிக் காட்டச் சொல்லி போனில் சொல்லியிருந்தார். மாடி வரை நிற்காமல் ஏற்றினால் வேலையும் படுக்க இடமும் உண்டு. வழியெல்லாம் டீயும் பன்னும்தான் தின்றிருந்தேன். வெறும் வயிற்றோடு மூட்டை தூக்க முடியாது.

முதலில் நுழைந்தது, நின்றபடியே சாப்பிடும் கடை. தட்டு சுத்தமாக இருந்தது, இட்லியில் ஆவி பறந்தது. சாம்பாரில் வெல்லம். எந்த ஊரில் எதைப் போட்டாலும் தின்றுவிடும் நாக்கு, சாம்பார் இனித்தால் மட்டும் முரண்டு பிடிக்கும். பாயசத்தில் முருங்கைக்காய் போட்ட மாதிரி குமட்டியது. பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

கன்னட எழுத்து தெரியாது. தமிழே ஏழாம் வகுப்போடு சரி. அதனால் பலகையைப் பார்க்காமல் காதை வைத்தே கடை தேடினேன். கறிக்கடைச் சந்துக்குள் ஒரு குரல் எங்கள் பக்கத்துத் தமிழில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது. அங்கே போய் உட்கார்ந்தேன்.

கடைக்காரர் தோள் துண்டால் கழுத்தைத் துடைத்தார். அதே துண்டால் என் தட்டையும் துடைத்தார். மேசையில் யாரோ தின்ற பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. டம்ளரை விரலோடு டிரம்முக்குள் முக்கித் தண்ணீர் எடுத்தார். எழுந்துவிடலாம் என்று காலை நகர்த்தினேன். அப்போதுதான் கேட்டார்.

"எந்தூருப்பா?"

"ஆரணிப் பக்கம்ண்ணே."

"நம்ம ஊரு. உக்காரு, உனக்குக் கறிக்கொழம்பு தனியா ஊத்துறேன்."

ஊர் விசாரித்துச் சோறு போடுகிறவர் முன்னால் எழுந்து போவது எங்கள் பக்கத்தில் முகத்தில் துப்புவது மாதிரி. சாப்பிட்டேன். பழைய குழம்பின்மேல் புது எண்ணெயை ஊற்றியிருந்தார்கள். புளித்த வாடையை மிளகாய் மூடப் பார்த்தது. வாயிலிருந்து ஒரு முடி நீளமாக வந்தது. மேசைக்கு அடியில் துடைத்தேன். எனக்கு முன் பலர் அங்கே துடைத்திருந்தது விரலில் பிசுபிசுத்தது. எப்படி இருக்கிறது என்றார். நல்லாயிருக்கு என்றேன். இன்னொரு கரண்டி விழுந்தது.

மண்டியில் இரண்டு மூட்டை ஏற்றினேன். மூன்றாவதோடு படியில் பாதி ஏறும்போது குழம்பு தொண்டைக்கு வந்துவிட்டது. இறக்கி வைக்கக்கூட நேரமில்லை. படியெல்லாம் வாந்தி, மூட்டைமேலும்.

மேஸ்திரி மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கே சாப்பிட்டாய் என்று விசாரித்தார். சொன்னேன்.

"அந்தச் சந்துலயா? நம்ம ஊருன்னிருப்பானே. புதுசா பஸ் எறங்கி வர்றவன் அத்தன பேரும் அவனுக்கு நம்ம ஊருதான். பொறந்ததுலேர்ந்து இங்க இருக்கேன், ஒருநாளும் அங்க கை நனைச்சதில்ல."

எனக்குப் பின்னால் வேலை கேட்டு நின்றவனை மூட்டை எடுக்கச் சொல்லிவிட்டு, என்னிடம் ஒரு பக்கெட்டையும் துடைப்பத்தையும் நீட்டினார். படியைக் கழுவினேன். மற்றதெல்லாம் போய்விட்டது, குழம்பு எண்ணெய் மட்டும் போகவில்லை, மண் போட்டுத் தேய்த்தேன். அந்த ஆள் அழுக்கு பட்டுவிடாமல் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு என்னைத் தாண்டித் தாண்டி மூட்டை ஏற்றினான்.