நானும் இழுக்கிறவன்தான்

மட்டாஞ்சேரியில், மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு கடையில் சாயா குடித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்ப்பந்தலில் தெருக்காரர்களின் கூட்டம். கஞ்சா புகைப்பவர்களுக்கு இனி யாரும் வாடகைக்கு வீடு தரக் கூடாது என்கிறார் தலைவர். எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்திருக்கிறார். வீடுகளில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் செல்வம், தமிழர்தான் என்கிறார் கடைக்காரர்.

"நானும் இழுக்கிறவன்தான், சேட்டா. பணி முடிஞ்சு வீட்டுல வெச்சு மட்டும். இத்தனை வருசமா உங்க எல்லார் வீட்டுக்குள்ளயும் கேறி வந்திருக்கேன். யாருக்காவது ஒரு உபத்ரவம் உண்டாச்சா?"

கேட்டுவிட்டு உட்காரவில்லை; பதிலுக்காக நின்றுகொண்டே இருக்கிறார். இந்தத் துணிச்சல் எனக்கு வராது.

கூட்டம் கலைந்த பிறகு சாயா குடிக்க வந்த செல்வத்திடம் கேட்கிறேன்.

"போலீஸ் வந்தா? வீடு போனா? பயமில்லையா அண்ணே?"

"உண்டு. ஆனா ஒளிஞ்சே இருந்தா, நாங்க எப்படிப்பட்டவங்கன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த, எல்லோரும் உம்மா என்று அழைக்கும் வயதான முஸ்லிம் பெண் ஒருவர் நேராக இவரிடம் வருகிறார். இவர் குடியிருக்கும் வீடு அவருடையது. செல்வம் எழுந்து நிற்கிறார்.

"கஞ்சா வாசனை எனக்கு ஆதியிலேயே தெரியும், மோனே," என்கிறார் உம்மா. "நீ என் வீட்டுலயேதான் இருப்பே."