கிழக்குச் சுவர்த் தகடு

இது கட்டுக்கதை என்றால் சுமலதா இன்னும் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஓரம், உலகத் தொழில் கண்காட்சி நடந்த பழைய மண்டபத்தை இப்போது அறிவியல் கூடமாக்கியிருக்கிறார்கள். எதையும் தொட்டுப் பார்க்கலாம். கிழக்குச் சுவரில் ஒரு செம்புத் தகடு, மேற்குச் சுவரில் ஒன்று. பிள்ளைகள் கைகோத்து நின்று இரண்டு தகட்டையும் தொட்டால், உடம்பு வழியே துளி மின்சாரம் ஓடி மீட்டர் முள் அசையும். நடுவில் ஒரு கை விட்டாலும் முள் படுத்துவிடும்.

மூன்று நாளாக முள் அசையவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறார்கள். "ஓடலன்னா உன் கான்ட்ராக்ட் அவ்ளோதான்" என்று, கூடத்தைப் பராமரிக்கிற சுமலதாவிடம் மேனேஜர் சசிகுமார் சொல்லிவிட்டுப் போனார். வேலை போனால் மகள் பூமிகாவின் காலேஜும் போச்சு.

சாயங்காலம் ஐந்து நாற்பது. எல்லாரும் கிளம்பியாகிவிட்டது. செம்புக் குடம் துலக்குகிற மாதிரி புளி போட்டு இரண்டு தகட்டையும் தேய்த்தாள். காலையிலிருந்து நின்ற கால் கெஞ்சியது. அலுப்பில், ஆள் வரிசை வேண்டும் என்பதையே மறந்து, இடது கையைக் கிழக்குத் தகட்டில் வைத்தாள்.

முள் அசைந்தது.

அப்பாடா, வேலை தப்பித்தது என்றுதான் பாவி முதலில் நினைத்தாள்.

பிறகுதான் உறைத்தது. எதிர்ச் சுவர் இரண்டு பஸ் நீளம் தள்ளி இருக்கிறது. நடுவில் யாருமில்லை...

தொங்கிய வலது கையில் சூடாக ஏதோ பட்டது.

விரல்கள்.

"வுட்டுடாதக்கா..."

உதறினாள்.

முள் படுத்தது. மேற்குச் சுவர் வரைக்கும் வரிசையாக ஆள் விழுகிற சத்தம். தொப்... தொப்... தொப்...

மறுநாள் காலை வாட்ச்மேன் முனுசாமியிடம் கேட்டாள். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"கண்காட்சி அப்போ தீப்புடிச்சிச்சும்மா. ஒரே புகை. ஸ்டால் பொண்ணுங்க கைகோத்துகினு வந்துச்சுங்க. முன்னாடி வந்தவ வாசல்கிட்ட கைய உதறிட்டு ஓடிட்டா. மீதி பேரு வரல."

"வாசல் எங்க இருந்துச்சு?"

அவர் கிழக்குச் சுவரைக் காட்டினார். தகடு இருந்த இடம்.

பிள்ளைகள் வந்தார்கள். முள் அசைந்தது. வேலையும் நிலைத்தது. ஆனால் எந்த சோப்பு போட்டுக் கழுவினாலும், சோற்றில் வலது கையை வைத்தால் இன்றைக்கும் புகை நாறுகிறது.

இப்போதெல்லாம் கிழக்குத் தகட்டருகே நிற்கிற பிள்ளையிடம் மட்டும் தனியாகச் சொல்கிறாள்.

"நான் சொல்ற வரைக்கும் கைய வுடாத கண்ணு."