நப்போசா ரத்தம் பார்த்த கதை

நியெண்டோ சந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நப்போசாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் அவள் கை மத்தோக்கேயைத்தான் முதலில் சொல்வார்கள். வாழைக்காயை இலையில் பொதிந்து விடியும் முன்பே ஆவியில் ஏற்றிவிடுவாள். அதன்மேல் ஊற்றும் நிலக்கடலைக் குழம்புக்குக் கடலை இடித்துக் கொடுப்பவள் நான், பெர்பெத்துவா. அவளுக்குப் பக்கத்துக் கடை. ஆகவே இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி அவளே சொன்னது.

நாற்பத்தேழு வயதில் சந்தை மேட்டை ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிளினிக்கில் நர்ஸ் எடையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"உடம்பைக் குறைச்சே ஆகணும்மா. ஆனா எடுத்தேன் கவுத்தேன்னு பட்டினி கிடக்காதீங்க. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, கிட்னி எல்லாம் முதல்ல பாத்துடுவோம். அப்புறம் எதைக் குறைக்கணும்னு சொல்றேன்."

மறுநாள் வெறும் வயிற்றோடு போய் மூன்று குழாய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்கடி போன காலங்காத்தால?" என்று நான் கேட்டதற்கு, எதிர்க்கடை வரை கேட்கும்படி, "ரத்தம் பாக்கப் போனேன்" என்றாள்.

எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சர்க்கரைக்குப் பார்த்தால் சர்க்கரை பார்த்தேன் என்போம். ரத்தம் பார்த்தேன் என்றால் எய்ட்ஸ் இருக்கிறதா என்று பார்த்தேன் என்று பொருள். அந்த நோய்க்கு நாங்கள் வைத்த பெயரே ஸ்லிம். தொண்ணூறுகளில் வீட்டில் ஓர் ஆள் இளைக்க ஆரம்பித்தால் சவப்பெட்டிக்காரரிடம் சொல்லி வைத்த ஊர் இது. சொந்தத் தங்கையையே அதற்குப் பறிகொடுத்த நப்போசாவுக்கு இது தெரியாதா என்ன? வாய் தவறிவிட்டது.

எதிர்க்கடையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவள் ரொவின்சா. நப்போசாவின் சித்தப்பா மகள். வாய்க்கு வாய் அக்கா என்பாள்.

ரிசல்ட்டில் பயப்பட ஒன்றும் இல்லை. கொழுப்பு கொஞ்சம் கூட, சர்க்கரை எல்லையில். நர்ஸ் சொன்னபடி மத்தோக்கேயைக் கைப்பிடியளவாகக் குறைத்தாள், டீயில் சர்க்கரையை நிறுத்தினாள், கீரையை அள்ளிப் போட்டுக்கொண்டாள். இரண்டு மாதத்தில் கவுனெல்லாம் தொளதொள என்று ஆனது. பிடித்துத் தைக்கச் சொல்லி ரொவின்சாவிடம்தான் கொண்டுபோனாள்.

"இடுப்புல அஞ்சு அங்குலம் கொறஞ்சிருக்கேக்கா. எப்படிக்கா?"

"சாப்பாட்டைக் குறைச்சேன்டி."

"ஓகோ, சாப்பாட்டை" என்றாள் ரொவின்சா. அன்று மாலைக்குள் சந்தையின் எல்லா வரிசைக்கும் அந்த ஐந்து அங்குலம் போய்ச் சேர்ந்துவிட்டது. சமைக்கிறவள் ஏன் சாப்பிடாமல் இளைக்கிறாள், ரத்தம் பார்த்த காகிதத்தை ஏன் ஒருத்தருக்கும் காட்டவில்லை என்றெல்லாம் கேள்வியும் சேர்த்து அனுப்பியிருந்தாள், பாவி.

நப்போசாவின் கடையில் பெஞ்சுகள் காலியாயின. சாப்பாட்டில் அந்த நோய் ஒட்டாது என்று ரேடியோ இத்தனை வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறது. ஆனாலும் ஆட்கள் வரவில்லை. நானும் வயிறு சரியில்லை என்று பொய் சொல்லி இரண்டு வாரம் அவள் தட்டைத் தொடவில்லை. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது தம்பி கயொண்டோ வந்து சொன்னதுதான். அவன் மகள் அசும்ப்தாவுக்கு அடுத்த மாதம் மாப்பிள்ளை வீட்டார் வரும் சடங்கு. பெண்ணை நல்லது கெட்டது சொல்லி வளர்த்து, சபையில் மாப்பிள்ளையை இவர்தான் என்று கைகாட்ட வேண்டியவள் ஸெங்கா, அதாவது அப்பனோடு பிறந்த அத்தை. பிள்ளை இல்லாத நப்போசா இந்த ஒரு நாளுக்காகவே அந்தப் பெண்ணைத் தூக்கிச் சுமந்தவள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. உனக்கு உடம்பு முடியல. ரொவின்சாவும் ஸெங்கா முறைதானே? இந்தத் தடவை அவ நிக்கட்டும்."

அவன் போனதும் நப்போசா கரண்டியைத் தூக்கி எறிந்தாள். "அவளை உசுரோட உரிக்கணும் பெர்பெத்துவா! அவ நாக்கை இழுத்து அவ மிஷின்லயே வச்சுத் தைக்கணும்!"

"காகிதத்தைத் தூக்கிக் காட்டிட்டுப் போயேன்டி."

"அதுல சர்க்கரையும் கொழுப்பும்தான் இருக்கு. அந்த நோய் இல்லைன்னு எழுதியிருந்தாலும் நான் மட்டும் காட்ட மாட்டேன். என் தங்கச்சி நோயேலா என் மடியிலதான் செத்தா. அவளுக்கு வந்தது எனக்கு இல்லைன்னு மார் தட்டிக்கிட்டுத் திரியணுமா நான்? முடியாது. ஆடணும்னா அவளும் களத்துல இறங்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை குடும்பக் கூட்டத்தில் அவள் அமைதியாகத்தான் பேசினாள். "கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணையும் மாப்பிள்ளையையும் ரத்தம் பாத்துட்டு வரச் சொல்லுவார் சர்ச் சாமியார். பொண்ணைக் கூட்டிட்டுப் போறவ ஸெங்கா. தானே பாக்காதவ பொண்ணுக்கு என்ன தைரியம் சொல்லுவா? என் கை இதோ. நாளைக்கே பாத்துடலாம், நானும் ரொவின்சாவும். காகிதத்தை இந்தப் பாயில வைப்போம். அப்புறம் யார் நிக்கிறதுன்னு தம்பி சொல்லட்டும்."

ரொவின்சாவின் முகம் செத்துவிட்டது. அவள் புருஷன் லாரி டிரைவர். மொம்பாசா, கிகாலி என்று மாதக்கணக்கில் வழியிலேயே கிடப்பவன். அந்தப் பயம் அவளுக்குள் பல வருடமாக உட்கார்ந்திருந்தது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. நப்போசாவுக்கு அது முன்பே புரிந்திருந்தது.

திங்கட்கிழமை ரொவின்சாவுக்குத் தையல் வேலை. புதன்கிழமை தலைவலி. வெள்ளிக்கிழமை ஒரு துக்கவீடு. நப்போசா தனியாகப் போய் அந்தப் பரிசோதனையையும் செய்து, காகிதத்தைப் பாயில் வைத்தாள். நோய் இல்லை என்று இருந்தது. "நீயே நில்லுக்கா" என்றான் கயொண்டோ. சடங்கன்று நப்போசாதான் ஸெங்காவாக நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் தந்த பட்டு அங்கியைப் போட்டுக்கொண்டு மறுநாள் சந்தைக்கே வந்தாள். ரொவின்சாவின் கடை வழியாக இரண்டு தரம் நடந்தாள்.

பெஞ்சுகள் நிறைந்தன. பேச்சு எதிர்ப்பக்கம் திரும்பியது. ரத்தம் பார்க்க ஏன் பயந்தாள் என்று ஊரே கேட்டது. தாங்க முடியாமல் ரொவின்சா யாருக்கும் தெரியாமல் கம்பாலா போய்ப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த நோய் இல்லை. ஆனால் சர்க்கரை, எங்கள் ஊர் அளவில் ஏழுக்குள் இருக்க வேண்டியது, பதினெட்டு. உடனே சாப்பாட்டைக் குறைக்காவிட்டால் கண் போகும் என்றார்களாம். குறைத்தாள். மூன்று மாதத்தில் கன்னம் ஒட்டி, தோள் எலும்பு தெரிந்தது. அளவெடுக்க அவள் கை மேலே படக்கூடாது என்று பெண்கள் வேறு தையல்காரிகளைத் தேடிப் போனார்கள்.

ஒருநாள் மத்தியானம் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவளே நப்போசாவிடம் வந்தாள். நான் அங்கேதான் கடலை புடைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இது சர்க்கரைக்கா. வெறும் சர்க்கரை. காகிதத்தைக் காட்டினா, காசு குடுத்து எழுதி வாங்கினேங்கிறாங்க. நீ ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க."

நப்போசா காகிதத்தை நிதானமாகப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள். "சொல்றேன். ஆனா நீ முதல்ல ஒரு வேலை செய். கடை கடையாப் போ. என்னைப் பத்தி நீ சொன்னது பொய்னு சொல்லி, ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டு வா."

ரொவின்சா போனாள். மீன் வரிசை, வாழை வரிசை, அடுப்புக்கரிக் கடை, ஒன்று விடவில்லை. மெலிந்த கையைக் கூப்பி, "நப்போசா அக்காவைப் பத்திப் பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க" என்று அழுதாள். எல்லோரும் மன்னித்தார்கள். சிலர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். அவள் நகர்ந்ததும், "சாகப் போறவ கணக்குத் தீத்துட்டுப் போறா, பாவம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கரிக்கடைக்காரர் அவள் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

நான் நப்போசாவிடம் ஓடினேன். "அடியே, இப்படி ஆகும்னு தெரிஞ்சேதான் அனுப்பினியா?"

குழம்பைக் கிளறிக்கொண்டே, "தெரியாமலா?" என்றாள்.

"இப்பவாவது சொல்லு. சர்க்கரைதான்னு சொல்லுவேன்னு வாக்குக் குடுத்தியே."

"சொல்லாம விடுவேனா? எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன். 'பாவம், அவளுக்கு வெறும் சர்க்கரைதான், வேற ஒண்ணும் இல்ல'ன்னு." அந்தப் 'பாவ'த்தை அவள் இழுத்த இழுப்பில், எனக்கே ஒரு நிமிடம் ரொவின்சா செத்துவிட்டாள் போலிருந்தது.