ஐந்துக்கு ஐந்து

வேலை செய்யும் இடத்தில் மனிதர்கள் எப்படிச் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பதை நான் முதுகலையில் படித்தேன். அப்படி ஒரு படிப்பு இருப்பது எங்கள் சித்தூர் மாவட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த யாருக்கும் தெரியாது. திருப்பதியில் தெருவுக்கு நாலு கம்ப்யூட்டர் சென்டர் போர்டு தொங்கிய காலம் அது. படித்தவர்கள் ஹைதராபாத்துக்குப் போனார்கள், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனார்கள். எனக்குக் கம்ப்யூட்டரில் சீட்டு கிடைக்கவில்லை. உளவியலில் காலியாக இருந்தது, சேர்ந்துவிட்டேன். என் லட்சியத்தின் கதை இவ்வளவுதான்.

நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, விசாரித்தவர்களிடம் எல்லாம், டாக்டர் மாதிரிதான், ஆனால் ஊசி போட மாட்டார்கள் என்று விளக்கினார். ஊர் அதைப் பைத்தியத்துக்கு வைத்தியம் என்று புரிந்துகொண்டு, லீவுக்குப் போகும்போதெல்லாம் தங்கள் மாமியார்களைப் பற்றி என்னிடம் யோசனை கேட்டது.

எங்கள் ஊர் சித்தூரிலிருந்து வேலூர் போகும் ரோட்டில், எல்லைக்கு இந்தப் பக்கம், ஆந்திராவில் இருக்கிறது. வீட்டில் தமிழ், கையெழுத்துப் போடும் இடங்களில் தெலுங்கு. நிலம் எங்களுக்கு நைனா காலத்தில்தான் வந்தது, அதுவும் கொஞ்சம். என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா, பத்தாவதோடு நின்று கூலி வேலைக்குப் போனாள். மாங்காய் சீசன் வந்தால் சித்தூர் பக்கம் ஜூஸ் ஃபேக்டரி. ஜூஸ் என்பது ஊர் வழக்கு. உள்ளே தயாரானது மாம்பழக் கூழ், டின்னில் அடைத்துக் கப்பல் ஏறும். ஓடுகிற பெல்ட்டுக்கு இருபுறமும் பெண்கள் நின்று அழுகலைத் தள்ள வேண்டும், காம்புப் பக்கம் நறுக்க வேண்டும். ஈரத் தரையில் ஷிஃப்ட் முழுக்க நின்றபடியே வேலை. மூன்றாவது சீசனிலேயே அக்காவின் கெண்டைக்காலில் நரம்பு கயிறாகப் புடைத்துக்கொண்டது. நான் படித்தே ஆக வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தவளும் அவள்தான்.

பல்கலைக்கழகத்தில் என் ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர், அமெரிக்காவில் ஒரு மாநாட்டுக்கு ஒரே ஒரு முறை போய் வந்தவர். அங்கே கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையை அறைச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். பழைய உளவியல் மனிதனிடம் என்ன கோளாறு என்று கேட்டது, புதிய உளவியல் அவனிடம் என்ன நன்றாக இருக்கிறது என்று கேட்கிறது என்பார். ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை என்று நாங்கள் போய் நின்றால், இந்தக் கஷ்டம் உங்களுக்குள் எந்த பலத்தை வெளிக்கொண்டு வந்தது என்று யோசிக்கச் சொல்வார். குடம் தூக்கும் பலம் என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். இன்டர்னல் மார்க் அவர் கையில் இருந்ததால் சொன்னதில்லை.

இதோடு திட்ட மதிப்பீடு என்று ஒரு பாடமும் உண்டு. ஒரு நிறுவனம் ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கினால், அது உண்மையிலேயே வேலை செய்ததா என்று கண்டுபிடிப்பது. அதற்கு ஒரு படம் வரைய வேண்டும்: முதல் பெட்டியில் போட்ட பணம், அடுத்ததில் செய்த காரியம், கடைசியில் விளைந்த பலன், நடுவில் அம்புக்குறிகள். அந்த அம்புகளைக் கோணாமல் போடக் கற்றுக்கொள்ளவே எங்களுக்கு ஒரு செமஸ்டர் ஆனது.

அப்போதுதான் அக்காவின் ஃபேக்டரியில் சந்தோஷம் ஆரம்பித்தது. வெளிநாட்டில் கூழ் வாங்குகிறவர்கள், தொழிலாளர் நலனுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுக் கடிதம் போட்டார்களாம். ஃபேக்டரி ஹைதராபாத்திலிருந்து ஒரு ஆலோசகரைக் கூட்டி வந்தது. அவர் ‘சந்தோஷ நிமிஷாலு’, அதாவது சந்தோஷ நிமிஷங்கள், என்று பெயர் வைத்து ஒரு திட்டம் கொடுத்தார். காலை ஷிஃப்டுக்கு முன் பத்து நிமிடம் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். சூப்பர்வைசர் ‘அந்தரூ நவ்வண்டி’ என்பார், எல்லோரும் சிரிக்க வேண்டும். பிறகு கை தட்டல். பிறகு நாலைந்து பேர் முன்னால் வந்து சமீபத்தில் தங்களுக்கு நடந்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதன்பின் சங்கு ஊதும், பெல்ட் ஓடும்.

பெண்கள் ஏற்கெனவே வேறொன்று கேட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு ஸ்டூல். பெல்ட் உயரத்துக்கு ஒரு ஸ்டூல் போட்டால் உட்கார்ந்தபடியே பழம் பார்க்கலாம். இதைக் கேட்கப் போன நாலு பேரில் அக்காவும் ஒருத்தி.

அந்தத் திட்டத்தை மதிப்பிடும் வேலை பேராசிரியர் வழியாக என்னிடம் வந்தது. ஃபேக்டரியின் மனிதவள மேலாளர், இஸ்திரி கலையாத சட்டை போட்ட மனிதர், எங்கள் இருவருக்கும் டீ கொடுத்துவிட்டு விஷயத்தை உடைத்துச் சொன்னார். பெண்கள் ஸ்டூல் கேட்கிறார்கள். உன் ஆய்வில் அவர்களுக்குத் திருப்தி இல்லை என்று வந்தால் ஸ்டூல் போட்டுவிடுகிறோம். நிமிஷங்களாலேயே சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று வந்தால் ஸ்டூல் தேவையில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அக்காவின் கால் என் ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது! வெளியே வந்ததும் பேராசிரியர் ஒரு நெறிமுறையை நினைவுபடுத்தினார். முடிவு எதற்குப் பயன்படும் என்பது பதில் சொல்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் பதில் கோணலாகிவிடும். நல்ல மாணவியாகத் தலையாட்டினேன். வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் வட்டத்துக்கு வெளியே நோட்டும் கையுமாக நின்றேன். பெண்கள் சொன்ன நல்ல விஷயங்களை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது என்றாள் ஒருத்தி. ரேஷன் கடையில் திண்ணென்று ஒரு கல் கிடந்தது, கியூ நகரும் வரை அதில் உட்கார்ந்திருந்தேன் என்றாள் இன்னொருத்தி. அக்கா முறை வந்தபோது, நேற்று சாயங்காலம் மழை பிடித்ததில் பஸ் ஸ்டாப் நிழற்குடையில் அரை மணி உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். ஹாஸ்டலுக்குத் திரும்பி இவற்றை வகை பிரித்தேன். பஸ் சமாச்சாரம் எல்லாம் ‘பொதுப் போக்குவரத்தில் திருப்தி’. கல் ‘அரசு நலத்திட்டங்கள்’. அக்காவின் மழை ‘இயற்கையோடு இயைபு’. முதுகலைப் படிப்பு படித்திருந்தால்தான் இவ்வளவு குருடாக இருக்க முடியும்.

நான்காவது வாரம் கேள்வித்தாள். அமெரிக்காவில் யாரோ ஆங்கிலத்தில் எழுதியது, எங்கள் துறையில் தெலுங்காகி, என் வாயால் தமிழாகிப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே அழுமூஞ்சி முதல் சிரிமூஞ்சி வரை ஐந்து முகங்கள், கீழே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். பொருத்தமானதில் டிக் போட வேண்டும். ‘வேலையில் மூழ்கி நேரம் போவதே எனக்குத் தெரிவதில்லை’ என்று வாசித்தேன். சங்கு ஊதுவதால் தெரியும் என்றாள் முன்வரிசையில் ஒருத்தி, சொல்லிக்கொண்டே ஐந்தில் டிக் போட்டாள். எண்பது சொச்சம் பேர் தாள்களையும் கூட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கூட்டினேன். எல்லாம் ஐந்து. ஒரே ஒரு தாளில் மட்டும் சில நாலுகள். உலகத்திலேயே சந்தோஷமான பெண்கள் சித்தூரில் ஈரத் தரையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த நாலு யாருடையது என்பது ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பெல்ட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண், நடுவயசுக்காரி, மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“கண்ணு, அந்தப் பேப்பரு உங்கிட்ட கீதா? நான் ரெண்டு மூணு எடத்துல நாலு போட்டுட்டேன். உங்கக்கா ரெண்டு நாளா எங்கூடப் பேசல. குடு, மாத்திக் குட்த்துடறேன்.”

எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன்.

“உனுக்கு மார்க்கு கொறையும்ல? நாங்கதான் போடணும்னு உங்கக்கா சொல்லிக்கினு இருந்தா.”

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. படிக்கிற பிள்ளைக்கு மார்க் போடும் இடத்தில் யார் இருந்தாலும் முழுசாகப் போட்டுவிட வேண்டும். ப்ராக்டிகல் பரீட்சைக்கு வெளியூரிலிருந்து வரும் வாத்தியாருக்கு நாட்டுக்கோழி அடித்துச் சோறு போடுவதைப் பள்ளிக்கூடமே முன்னின்று நடத்தும். அந்தப் பெண்களுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக மார்க் போடும் அதிகாரம் கிடைத்திருந்தது, அதுவும் கூட நிற்பவளின் தங்கைக்கு. ‘இது என் பட்டப்படிப்புக்கான ஆய்வு, ஒன்று முதல் ஐந்து வரை போடலாம்’ என்று விதிப்படி நான்தான் வாசித்துக் காட்டியிருந்தேன். அவர்கள் கோழி அடிக்காததுதான் பாக்கி.

திருப்பதி பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அக்காவிடம் கேட்டேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. “பின்ன, உன்ன ஃபெயிலாக்கச் சொல்றியா?” என்றாள். தட்டை நகர்த்தி, “துன்னுட்டுப் போ,” என்றாள். ஸ்டூல் விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். நெறிமுறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் எனக்கு மேற்படிப்புக்கு இடம் கொடுத்திருந்தது, போய்ச் சேருவதற்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும். மாங்காய் சீசனோ முடிந்துகொண்டிருந்தது. திரும்பக் கேட்பதானால் அடுத்த கோடைக்குத்தான் கேட்க வேண்டும்.

பேராசிரியரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, “லிமிடேஷன்ஸ்ல ராசெய்யம்மா,” என்றார், அதில் எழுதிவிடு என்று. ஆய்வின் வரம்புகள் என்று ஒவ்வொரு ஆய்வேட்டிலும் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு பக்கம் வரும். செய்த தப்பை எல்லாம் அங்கே கொட்டி மூடிவிடலாம், யாரும் படிக்க மாட்டார்கள். நானும் எழுதினேன். பங்கேற்பாளர்களின் பதில்களில் ஆய்வாளருடனான அறிமுகத்தின் தாக்கம் இருந்திருக்கக்கூடும் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. அந்த வரியில் அக்கா இல்லை, ஸ்டூல் இல்லை, ஒரு காலும் இல்லை.

திருப்பதியில் ஒரு ஹோட்டல் ஹாலில் முடிவுகளை வெளியிட்டோம். நான் அம்புக்குறிகளைத் திரையில் காட்டினேன், ஒன்றுகூடக் கோணவில்லை. மேலாளருக்குப் பொன்னாடை, பேராசிரியருக்குக் கேடயம், எனக்குப் பட்டம். திட்டம் இவ்வளவு நன்றாக வேலை செய்ததால் அடுத்த சீசனில் பத்து நிமிடத்தைப் பதினைந்தாக்கினார்கள். அதையும் பெண்கள் நின்றுகொண்டேதான் சிரித்தார்கள். ஸ்டூல் வரவில்லை. அக்கா அதற்கப்புறம் ஒன்பது சீசன் போனாள். கடைசியில் காலில் புண் வந்து ஆறாமல் போனபோதுதான் நின்றாள். நான் மதிப்பீட்டு நிபுணராக அமெரிக்காவிலேயே தங்கிவிட்டேன்.

சமீபத்தில் என் ஆபீஸில் ஊழியர் நலத்திட்டம் ஒன்று வந்தது. உட்கார்ந்தே வேலை செய்வது உடம்புக்குக் கெடுதலாம். ஆளுக்கு ஒரு உயரமான மேசை கொடுத்தார்கள், நின்றுகொண்டே வேலை பார்க்க. ஒரு மாதம் கழித்துக் கேள்வித்தாள் வந்தது. ஒன்று முதல் ஐந்து வரை, அதே முகங்கள். சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியாமல் அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

நிற்பதற்கென்று மேசை செய்து காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதை அவள் நம்பவே இல்லை. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கேள்வித்தாளைப் பற்றிச் சொன்னதும் குரல் மாறிவிட்டது.

“அஞ்சே போட்டுடு. பாவம், எந்தப் பொண்ணு படிச்சிக்கினு கீதோ.”

இத்தனை வருஷம் தொண்டையில் வைத்திருந்ததை அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை. அந்தப் பேப்பர் என் பரீட்சை இல்லை அக்கா, நீங்கள் எல்லோரும் ஒன்று போட்டிருந்தாலும் நான் பாஸ்தான் என்றேன். மேலாளர் அன்று டீ கொடுத்துச் சொன்னதையும் சொன்னேன். அந்தப் பக்கம் டிவியில் தெலுங்குச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

“ஒண்ணு போட்டிருந்தா ஸ்டூலு வந்திருக்குமா?”

“வந்திருக்கும்.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

“சரி, வெச்சிடு,” என்றாள் அக்கா. “ஃபோன் எடுத்ததுல இருந்து நின்னுக்கினே கீறேன். காலு கடுக்குது. உக்காரணும்.”