பெட்டியின் அடியில் வைத்த கடிதம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் பைலட். எங்கள் நிறுவனம் வெளிநாட்டுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மண் பரிசோதனை பற்றி எட்டு வாரம் பாடம் நடத்துகிறது. அப்படி வருகிறவர்களை அவரவர் வீட்டிலிருந்து கிளப்பி, விமானம் ஏற்றி, எங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடம் அதைச் செய்தார். நான் பக்கத்து மேஜை. அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது என் வேலை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவருக்காக மட்டும் இல்லை.

மாடிப்படி ஏறியதும் முதல் அறை எங்களுடையது. மூன்று மேஜை, எவ்வளவு தள்ளினாலும் சாத்திக்கொள்ளாத இரும்பு அலமாரி, வெயில் பட்டுக் கடலும் நிலமும் ஒரே நிறமாகிப்போன உலகப் படம். பாடம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது, வரப்போகிறவர்களை அவர் ஒவ்வொருவராகக் கணினித் திரையில் அழைத்துப் பேசுவார். காது அடைத்தால் மிட்டாய் சப்புங்கள். உள்ளே குளிரும், காலுறை போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் கேட்காதீர்கள், கழிவறைக்குப் போக இரண்டு பேரை எழுப்ப வேண்டியிருக்கும். கேட்டுக்கொண்டிருந்தால், மாதம் இரண்டு முறை பறக்கிற மனிதர் என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

அவர் விமானத்தின் படியில் கால் வைத்தது கிடையாது. பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. வந்துபோனவர்களிடம் தேநீர் வேளையில் கேட்டுக் கேட்டுச் சேர்த்த ஞானம் அது. போயிருக்கிறேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. போனதில்லை என்றும் சொன்னதில்லை. வீட்டுச் சாவி வாங்க ஒருமுறை வந்த அவருடைய மனைவி, சுவரிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "உலகத்தையே ஏத்தி இறக்குறாரு. என்னைத்தான் இன்னும் எங்கம்மா வீட்டுக்கு ரயிலேத்தி விடல." அவரும் கூடவே சிரித்தார். அந்தம்மா போனபிறகு படத்தின் மடங்கிய மூலையை நீவிவிட்டார்.

பேசியது போதாதென்று எல்லோருக்கும் ஒரு பட்டியலும் அனுப்புவார். இருபத்து மூன்று விதிகள். ஏழாவது விதி இது: அழைப்புக் கடிதத்தை நனையாத உறையில் போட்டு, பெட்டியின் அடியில், துணிகளுக்குக் கீழே வைத்துப் பூட்டவும். கைப்பையில் வைக்க வேண்டாம்.

இந்த விதிக்கு ஒரு கதை உண்டு. இருபத்து மூன்று வயதில் அவர் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, பேருந்து நிலையத்தில் கைப்பையை எவனோ பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். சான்றிதழ்கள் அத்தனையும் அதில். பெட்டி மட்டும் பத்திரமாக இருந்தது; உள்ளே இருந்தவை இரண்டு சட்டையும் ஒரு சோப்பும். மறுபடி சான்றிதழ் வாங்கி முடிப்பதற்குள் அந்த வேலை இன்னொருவருக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அவருக்குக் கைப்பை என்றாலே ஆகாது. தன் மதிய உணவைக்கூடப் பூட்டுள்ள பெட்டியில்தான் கொண்டுவருவார்.

விமானத்தில் பெட்டி நம்மோடு இருக்காது, அடி வயிற்றில் போய்விடும். இறங்கியதும் முதலில் குடியுரிமைக் கவுண்டர். அங்கே காகிதம் கேட்பார்கள். அதைத் தாண்டினால்தான் பெட்டி. ஒரு தடவை போனவருக்கும் இது தெரியும். சாருக்குத் தெரியாது. வருகிறவர்கள் பெரும்பாலும் முன்பே பறந்தவர்கள் என்பதால், ஏழாவது விதியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துசேர்ந்தார்கள். "நீங்க சொன்னபடியே செஞ்சேன் சார்" என்று மரியாதைக்குச் சொல்லவும் செய்தார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது?

நான் கட்டியிருக்கலாம். ஒருமுறை அக்காவின் பிரசவத்துக்காக வெளிநாடு போய் வந்தேன். கவுண்டரில் நின்றபோதே ஏழாவது விதி ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். திரும்பி வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவர் மேஜைக்குப் போனேன். அன்று பார்த்து, நான் ஒருவருக்கு அனுப்ப வேண்டிய காகிதத்தை இன்னொருவருக்கு அனுப்பிவிட்டதாக அவர் இயக்குநரிடம் சொல்லியிருந்தார். உண்மைதான். உண்மையைச் சொன்னால் கோபம் வராதா என்ன? படட்டும் என்று திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு கோபம் போய்விட்டது. ஆனால் ஏழாவது விதி எனக்கும் அலுவலக உதவியாளருக்கும் நடுவே வேடிக்கையாகிவிட்டது. சார் திரையில் பேசிப் பேசி அந்த இடத்துக்கு வரும்போது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு தீவிலிருந்து ஒரு ஆசிரியை தேர்வானார். விமானம் ஏறுவது அதுதான் முதல் தடவை. சார் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டதால் நாங்கள் அவருக்கு நோட்டு டீச்சர் என்று பெயர் வைத்தோம். ஏழாவது விதியில் டீச்சர் பேனாவை நிறுத்தினார். அவர்கள் பேசியது ஆங்கிலம். நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"கடிதத்தை மட்டும் கையிலேயே வச்சுக்கட்டுமா சார்? கொஞ்சம் பயமா இருக்கு."

"கூடவே கூடாது. கைப்பையை யார் வேணா பறிச்சுட்டுப் போகலாம். பூட்டின பெட்டியை யாரு தொடப்போறா?"

டீச்சர் அதை எழுதி அடிக்கோடிட்டார். நான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். எனக்கு வாய் இருந்தது. இப்போது சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று யோசித்தேன். அந்த யோசனை முடிவதற்குள் அவர்கள் எட்டாவது விதிக்குப் போய்விட்டார்கள்.

பெண் விருந்தினர் வந்தால் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணும் விமான நிலையம் போவது எங்கள் வழக்கம். டீச்சர் வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலை சாரும் நானும் பெயர்ப் பலகையோடு வெளியே நின்றோம். எல்லோரும் வந்துபோய்விட்டார்கள், டீச்சரைக் காணோம். பதினோரு மணிக்குச் சாருடைய கைபேசி அடித்தது. ஒரு காவலர் வந்து எங்களை உள்ளே ஒரு கண்ணாடி அறைக்கு அழைத்துப் போனார். நாற்காலி நுனியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார், மடியில் அந்த நோட்டு. திரையில் பார்த்த முகத்தை நேரில் பார்த்ததும் எழுந்து நின்று சிரித்தார். இனிக் கவலையில்லை என்கிற சிரிப்பு.

அதிகாரி சின்ன வயதுக்காரர். "அழைப்புக் கடிதம் கேட்டா இவங்க நோட்டைக் காட்டுறாங்க" என்றார்.

"பெட்டியில இருக்கு சார். அதை எடுத்துட்டு வரச் சொன்னீங்கன்னா..." என்று இழுத்தார் எங்கள் சார்.

"பெட்டி கவுண்டரைத் தாண்டினப்புறம்தாங்க கிடைக்கும். ஆள் அனுப்பித் தேடியும் பாத்தாச்சு. நடுவுல விமானம் மாறினப்ப விட்டுப்போச்சாம், நாளைக்குத்தான் வருது. கடிதத்தைப் போய் பெட்டியில வைப்பாங்களா? நீங்க ப்ளேன்ல போனதே இல்லையா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். சாருடைய காது மடல் சிவந்தது. மூன்று மணிக்குள் இயக்குநர் தன் பொறுப்பில் ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் டீச்சரை வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார் அதிகாரி.

சார் இயக்குநரை அழைத்தார். அவசரத்தில் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டார், எங்களுக்கும் கேட்டது.

"சார், அந்தம்மா கடிதத்தைப் பெட்டியில வச்சுட்டாங்க. ஆமா சார், முதல் தடவை. விவரம் பத்தல."

சொல்லும்போது அவருக்கு நாக்குத் தடுக்கியது. ஆனாலும் சொன்னார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒரு கடிதத்தைக் கையில வச்சுக்கத் தெரியாதவங்க எட்டு வாரம் என்னத்தைப் படிக்கப் போறாங்க? இந்தக் கவனக்குறைவுக்கெல்லாம் நான் பொறுப்பேத்துக்க முடியாது. அடுத்த வருஷம் வரட்டும்" என்று இயக்குநர் வைத்துவிட்டார்.

டீச்சருக்கு அடுத்த வருடம் கிடையாது. அவர்கள் நாட்டில் இந்த வாய்ப்பு ஒருவருக்கு ஒரே தடவைதான். அது எங்கள் இருவருக்கும் தெரியும். அவருடைய விண்ணப்பத்தைப் பிரதி எடுத்தவள் நான்.

எங்கள் பேச்சு டீச்சருக்குப் புரியவில்லை, முகங்கள் புரிந்தன. நோட்டைத் திறந்து ஏழாவது விதியைக் காட்டினார். "நீங்க சொன்னபடிதான் வச்சேன். நான்தான் ஏதாவது தப்பா எழுதிக்கிட்டேனா?" என்று கேட்டார். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "இவர் மேல தப்பில்லை. இவர் நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தார்" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. சாருக்கு எப்படி இருந்திருக்கும்!

சார் வெளியே போய்க் குழாயில் முகம் கழுவினார். கைக்குட்டை கொண்டுவர மறந்துபோய்ச் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டார். திரும்பி வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும், இந்த முறை வேண்டுமென்றே ஒலிபெருக்கியை அழுத்தி, இயக்குநரை மறுபடி அழைத்தார்.

"சார், வச்சிடாதீங்க. தப்பு என்னோடது. பெட்டியில வைக்கச் சொன்னதே நான்தான், எழுத்துல கொடுத்திருக்கேன். அவங்க கையில வச்சுக்கட்டுமான்னு கேட்டாங்க, நான்தான் கூடாதுன்னேன். நான் ப்ளேன்ல போனதே இல்ல சார். இத்தனை வருஷமா தெரிஞ்ச மாதிரியே பேசிட்டேன்."

அந்தப் பக்கம் இயக்குநர் சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை. சிரிப்பு நிற்காமல் வந்தது, அதிகாரியும் வாயைப் பொத்திக்கொண்டார். சார் கைபேசியை நீட்டிப் பிடித்தபடி, சிரிப்பு முடியும்வரை தலை குனிந்து நின்றார். இரண்டு இருபத்தைந்துக்கு மின்னஞ்சல் வந்தது. டீச்சரை விட்டுவிட்டார்கள்.

காரில் டீச்சர் பின் இருக்கையில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். முன் இருக்கையிலிருந்து சார் திரும்பாமலே கேட்டார்.

"ஏம்மா, நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்தியே. பெட்டி அப்புறம்தான் வரும்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"நான் கவனிக்கல சார்."

வாயில் அப்படித்தான் வந்தது.

"அதுவும் சரிதான். பிரசவ அவசரத்துல போயிருப்ப. இதையெல்லாம் எங்க கவனிச்சிருக்கப் போற" என்றார்.

மறுநாள் காலை என்னை அழைத்துப் பட்டியலைத் திருத்தச் சொன்னார். ஏழாவது விதியில் கடிதம் கைப்பைக்கு வந்தது. கடைசியில் இருபத்து நான்காவதாக ஒன்று சேர்க்கச் சொன்னார்: 'இதை எழுதியவர் விமானத்தில் சென்றதில்லை. தவறு இருந்தால் தயவுசெய்து சொல்லவும்.' இது எதுக்கு சார் என்று கேட்டேன். "இருக்கட்டும்மா. தெரிஞ்சவங்க சொல்லுவாங்க இல்ல" என்றார்.

அதன்பிறகு அவரை யாரும் பைலட் என்று சொல்லவில்லை. சொன்னால் குத்துவது போல ஆகிவிடும். போன வருடம் ஓய்வு பெற்றார். அந்த மேஜைக்கு இப்போது நான் வந்துவிட்டேன். பட்டியலில் அவர் சொன்ன வரியை நான் எடுக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அப்படியே போகிறது. அதற்குக் கீழே, தட்டச்சு செய்தவர் சென்றிருக்கிறார் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் விசைப்பலகையில் கை வைத்துப் பார்க்கிறேன். இன்னும் அடிக்கவில்லை.