குவாரியில் இறங்காமல் திரும்பியது

நாங்கள் வேலை பார்க்கும் மஸ்கட்டில் ஸ்கூபா டைவிங் முதலில் கற்றுக்கொண்டது நான். நான் நச்சரித்த பிறகுதான் என் கணவரும் சேர்ந்தார். அதன்பின் லீவு கிடைத்தால் இருவரும் கடலுக்குள்தான் இருப்போம்.

ஊருக்கு, குடவாசலுக்கு, வந்திருந்தபோது அவரும் அவர் தம்பியும் ஒரு திட்டம் போட்டார்கள். புதுக்கோட்டைப் பக்கம் வேலை நின்றுபோன ஒரு கல்குவாரி. மழைத் தண்ணீர் நிரம்பி ஏரி மாதிரி நிற்கிறது. பாண்டிச்சேரியில் காற்று சிலிண்டர்களை வாடகைக்கு எடுத்து அந்தத் தண்ணீரில் நாங்கள் இருவரும் இறங்குவது, தம்பி கரையில் நின்று வீடியோ எடுப்பது. எனக்கும் ஆசைதான். அதனால்தான் கேள்வி கேட்டேன்.

"ஆழம் எவ்வளவுங்க?"

"அம்பதடி இருக்கும்."

"யாரு அளந்தா?"

"பார்த்தாலே தெரியுது."

"அடியில என்ன கிடக்குன்னு விசாரிச்சீங்களா?"

"தண்ணிதான் கிடக்கும் அண்ணி," என்றான் தம்பி. இருவரும் சிரித்தார்கள். தண்ணீரில் அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளை, கடலுக்குக் கட்டும் அதே எடைக்கு எடுத்து வைத்திருந்தார் கணவர். நல்ல தண்ணீரில் உடம்பு அவ்வளவு மிதக்காது, ஈயத்தைக் குறைக்க வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். நான் சொன்னதும், "எல்லாம் தெரிஞ்ச மேடம்" என்றார்.

குவாரிக்குப் போனோம். செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீர். கையை முழங்கை வரை விட்டேன், விரல்கள் தெரியவில்லை. "முதல்ல கயிறு விட்டுப் பார்க்கலாம்" என்று ஒரு ஈயக் கட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். கயிறு போய்க்கொண்டே இருந்தது. அம்பதடி தாண்டியும் அடி தட்டவில்லை. கடைசியில் தட்டியது. இழுத்தால் வரவில்லை. பழைய இரும்போ கம்பியோ, எதிலோ சிக்கிக்கொண்டது. மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. அறுத்துவிட்டோம்.

"கயிறுதானே, போகட்டும்," என்றார் கணவர்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "உங்க கால் மாட்டியிருந்தா? அதையும் அறுத்து விட்டுடலாமா?"

"நீ வரலன்னா இரு. தம்பியோட இறங்குறேன்."

டைவிங்கில் ஜோடி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. குடமுருட்டி ஆற்றில் நீச்சலடித்ததைத் தவிர ஒன்றும் தெரியாதவனை ஜோடி என்கிறார்! சிலிண்டரில் மாட்டி மூச்சுவிடும் குழாய்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு காரில் ஏறி உள்ளே பூட்டிக்கொண்டேன். அவர் கண்ணாடியைத் தட்டினார், கத்தினார். நான் அசையவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் சிலிண்டர்களை டிக்கியில் ஏற்றினார்கள்.

அடுத்த வாரம் மயிலாடுதுறையில் ஒரு கல்யாணம். பந்தியில் யாரோ குவாரி பற்றிக் கேட்க, கணவர் சிரித்தபடி சொன்னார்: "எங்க இறங்குறது? இவ பயந்துட்டா."

இலையிலிருந்து கையை எடுத்தேன். "பயப்படலை. ஆழம் தெரியாம, அடி தெரியாம, நீச்சல் மட்டும் தெரிஞ்ச தம்பிய நம்பி இறங்கப் பார்த்தாரு. நான் விடலை. இல்லன்னா இன்னிக்கு நீங்க வேற சாப்பாட்டுக்கு வந்திருப்பீங்க."

"கல்யாண வீட்டுல என்ன பேச்சும்மா இது," என்றார் மாமனார். எழுந்து கை கழுவிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பஸ் கிளம்பும்போது கணவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?"

"நீங்க எங்க வச்சு சொன்னீங்க?"

கண்டக்டர் வந்ததும் குடவாசலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தார்.